இடுப்பெலும்பும் ஐம்பது மில்லிமீட்டரும்

ஓடிக்கொண்டே சுடுகிற பிஸ்டல் போட்டி என்றால் நம்மூரில் எல்லோரும் துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்பார்கள். என்ன கம்பெனி, எத்தனை தோட்டா, விலை என்ன. இடுப்பில் அதைச் செருகும் உறையான ஹோல்ஸ்டரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. மைதானத்திலோ கதை நேர்மாறு. சுடுகிறவர் கூடவே நின்று விதியைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபீசராக நான் நின்ற காலத்தில் காதில் விழுந்த வாக்குவாதங்களில் பெரும்பாலானவை அந்த உறையையும் அது தொங்கும் பெல்ட்டையும் பற்றியவை. துப்பாக்கிக்கு விதி எழுதுவது சுலபம். அது இரும்பு, எங்கே வைத்தாலும் அதே அளவு. ஹோல்ஸ்டர் மனித உடம்பில் தொங்குகிறது. உடம்பு ஆளுக்கு ஆள் வேறு. ஒரே ஆளுக்குக்கூட காலையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று.

நான் சேலம் அஸ்தம்பட்டிக்காரன். வேலை நிமித்தமாகப் பல வருஷம் மெல்போர்னில் இருந்தேன். அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்து, ஐபிஎஸ்சி என்கிற சர்வதேச அமைப்பின் விதிப்படி நடக்கும் பிராக்டிகல் ஷூட்டிங்கில் புரொடக்‌ஷன் பிரிவில் சுட்டேன். பிறகு ரேஞ்ச் ஆபீசர் பயிற்சியும் எடுத்துக்கொண்டேன். இப்போது ஊர் திரும்பி, பிள்ளைகளுக்கு ஏர் பிஸ்டல் சொல்லித் தருகிறேன். ஏர் பிஸ்டலில் இடுப்புக்கு வேலையே இல்லை. மேஜையிலிருந்து எடுக்கிறோம், சுடுகிறோம், மேஜையில் வைக்கிறோம். 25 மீட்டர் வேகப் போட்டியில்கூட கையை 45 டிகிரிக்குக் கீழே இறக்கி வைத்துக் காத்திருப்பதுதான் தொடக்கநிலை. கருவிச் சோதனை போட்டிக்கு முன்பே தனி இடத்தில் நடக்கும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் விசை (டிரிக்கர்) 500 கிராம் எடையைத் தூக்குகிறதா, துப்பாக்கி மொத்தமும் 420-க்கு 200-க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். அடங்கினால் சரி, அடங்காவிட்டால் அரத்தை எடு. விவாதத்துக்கு இடமில்லை.

இந்த ஆண்டு என் அக்கா மகன் மெல்போர்னிலிருந்து லீவில் வந்திருந்தான். அவனும் அங்கே பிராக்டிகல் ஷூட்டிங்கில் இறங்கிவிட்டான். ஹோல்ஸ்டரோடு சுட அனுமதிக்கும் பயிற்சியை முடித்து முதல் பெரிய போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். பையில் போட்டி பெல்ட், கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த ஹோல்ஸ்டர், தோட்டா அடுக்கிய மேகசின்களைச் செருகும் பவுச்சுகள். துப்பாக்கி கிடையாது, கொண்டுவரவும் முடியாது. அவன் சுடும் 9 மில்லிமீட்டர் இங்கே சாதாரண லைசென்ஸுக்குக் கிடைக்காத, தடைசெய்யப்பட்ட ரகம். அவன் அப்பா, அதாவது என் மச்சான், போலீஸ் ஆயுதப்படையில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டமும் ஓட்டு வீடும் உண்டு. மூன்று பேரும் அங்கே போய் உட்கார்ந்தோம். அக்கா காப்பி கலக்க உள்ளே போன நேரத்தில் மச்சான் அந்த ஹோல்ஸ்டரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள, இதுல மூடி எங்க?"

மூடி இல்லை என்றேன்.

"வாரும் இல்ல, பட்டனும் இல்ல. கயிறு கோக்க வளையமும் இல்ல. எவனாவது பின்னாடி வந்து உருவிட்டுப் போனா?"

"அப்பா, அங்க எவனும் உருவ மாட்டான். போட்டியில எல்லாரும் உருவறது அவங்கவங்க துப்பாக்கியத்தான்" என்றான் பையன்.

மச்சானுக்கு அது ஏறவில்லை. அவர் பணியில் இருந்தபோது இடுப்பில் இருந்தது தோல் உறை. மேலே மடிந்து விழும் மூடி, அதற்குப் பித்தளை பட்டன், பிடியின் வளையத்திலிருந்து தோளுக்குப் போகும் கயிறு. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா பந்தோபஸ்தில் நாலாபக்கமும் கூட்டம் நெருக்கும்போது, ஒரு கை எப்போதும் அந்த மூடியின் மேல் இருக்கும் என்பார். அந்த உறைக்கு எதிரி கூட்டத்தில் இருக்கும் அடுத்தவன் கை. போட்டி ஹோல்ஸ்டருக்கு எதிரி போட்டிக்காரனின் சொந்த விரல்தான். உறைக்குள் துப்பாக்கி இருக்கும்போது விசையை எதுவும் தொடக்கூடாது, அழுத்தவும் கூடாது. மற்றபடி வார் வேண்டும், பட்டன் வேண்டும் என்று ஐபிஎஸ்சி கேட்பதில்லை. எந்த வகை, எந்தக் கம்பெனி ஹோல்ஸ்டர் என்றும் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் ஒரு ஹோல்ஸ்டர் ஆபத்தானது என்று, ஆபீசர்களுக்கெல்லாம் மேலே இருக்கும் ரேஞ்ச் மாஸ்டருக்குப் பட்டால் சரிசெய்யச் சொல்வார். செய்யாவிட்டால் அதைப் போட்டியில் வைத்திருக்க முடியாது. அந்த இடத்தில் வாதாடிப் பிரயோசனமில்லை.

அடுத்தவன் கை, சொந்த விரல் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் ஹோல்ஸ்டர் விவாதங்களில் பாதி அடங்கிவிடும். மீதிப் பாதிதான் சுவாரசியம். அது பாதுகாப்போடு சம்பந்தமே இல்லாத விதிகளைப் பற்றியது.

பையனின் குறை அங்கேதான் இருந்தது. "மாமா, குழல் தரையப் பாக்கணும், விசை மூடியிருக்கணும், சரி. பிடி பெல்ட்டுலேர்ந்து அம்பது மில்லிமீட்டருக்கு மேல தள்ளி இருக்கக்கூடாதுங்கறது யார் உயிரக் காப்பாத்த? அறுபது இருந்தா என்ன ஆயிடும்?"

ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் அறுபது இருந்தால் கை எளிதாகப் பிடியைச் சுற்றும், வேகம் கூடும். அதனால்தான் அந்த விதி.

இந்த விளையாட்டின் வேர் தெரியாமல் இது புரியாது. 1950-களில் கலிபோர்னியாவில் ஜெஃப் கூப்பரும் அவர் கூட்டாளிகளும் இடுப்பிலிருந்து உருவிச் சுடும் போட்டிகளை நடத்தினார்கள். எந்த முறை உண்மையில் வேலைக்கு ஆகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். 1976-இல் மிசௌரி மாநிலத்து கொலம்பியா நகரில் கூடி ஐபிஎஸ்சி-யை அமைத்தார்கள்; கூப்பர்தான் முதல் தலைவர். துல்லியம், வலு, வேகம் மூன்றும் சமம் என்பது அதன் கொள்கை. மதிப்பெண்ணை நேரத்தால் வகுத்து வரும் எண்தான் முடிவு. நேரம் வகுக்கும் இடத்தில் வந்துவிட்டால் மனிதன் சும்மா இருப்பானா? ஹோல்ஸ்டரிலிருந்து தோலை வெட்டி எறிந்தான், உடம்பிலிருந்து தள்ளி வைத்தான், வயிற்றுக்கு முன்னால் கொண்டுவந்தான். கடைசியில் விசைக்காப்பை மட்டும் கவ்விப் பிடிக்கும் எலும்புக்கூடு போன்ற ரேஸ் ஹோல்ஸ்டர்கள் வந்தன. அப்படிப்பட்டவர்களுக்கு ஓப்பன் பிரிவு இருக்கிறது. அங்கே தள்ளி வைப்பதற்கு அளவே கிடையாது. கடையில் வாங்கிய சாதாரணத் துப்பாக்கியோடு வருகிறவர்களுக்காக 2000 வாக்கில் புரொடக்‌ஷன் பிரிவு பிறந்தது. ஐம்பது மில்லிமீட்டர் இந்த இரண்டு பிரிவுக்கும் நடுவே போட்ட வேலி. வேலியைத் தூக்கிவிட்டால் புரொடக்‌ஷன்காரன் அடுத்த வருஷமே ஓப்பன்காரனின் பெல்ட்டை வாங்க வேண்டியிருக்கும்.

ஆஸ்திரேலியாவில் இந்தச் சண்டை இன்னும் கொஞ்சம் காரமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2002-இல் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அங்கே கைத்துப்பாக்கிச் சட்டம் இறுகியது. பொதுவாக .38-க்கு மேல் குழல்விட்டம் கூடாது, மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது, அரைத்தானியங்கி பிஸ்டலுக்குக் குழல் 120 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். தோட்டா எண்ணிக்கையில் யாரும் யாரையும் முந்த முடியாது. ஐபிஎஸ்சி-யில் ஸ்டேஜ் என்பது ஒரே மூச்சில் ஓடிச் சுட்டு முடிக்கும் ஒரு களம்; நீண்ட ஸ்டேஜ் ஒன்று 32 தோட்டா வரை போகும். பத்துப் பத்தாக அதை முடிக்க, தவறவே தவறாமல் சுட்டாலும் நான்கு மேகசின் வேண்டும். தவறுவதற்கும் சேர்த்தால் ஐந்து. ஆக ஆட்டத்தின் பாதி இடுப்பில்தான் நடக்கிறது, பவுச்சிலிருந்து மேகசின் எடுப்பதில். சச்சரவும் அங்கேயே வந்து நிற்கிறது.

பவுச் என்றதும் ஒரு சம்பவம். நான் ஆபீசராக நின்ற போட்டி ஒன்றில் நல்ல வேகக்காரர் ஒருவர் வந்தார். அவர் ஹோல்ஸ்டரைத் தொட்டுக் காட்டி, "அளந்தாச்சு, 48" என்றார். 48-தான். கூட இருந்த இன்னொரு ஆபீசர் ஒரு வார்த்தை பேசாமல் இடது பக்கம் போய் கடைசி பவுச்சை அளந்தார். 50-ஐத் தாண்டியது. விதியில் துப்பாக்கி மட்டும் இல்லை. துணைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் அதே அளவு. ஸ்டேஜ் தொடங்கும் முன் கண்டுபிடித்ததால் அங்கேயே திருகைத் தளர்த்திச் சரிசெய்யச் சொன்னோம், அவரும் செய்தார். சுட ஆரம்பித்த பிறகு பிரிவுக்கு ஒத்துவராத கருவி என்று தெரிந்திருந்தால் ஓப்பனுக்குத் தள்ளியிருப்பார்கள். ஓப்பனில் குழல்முனையில் உதைப்பைக் குறைக்கும் காம்பன்சேட்டரும் மேலே சிவப்புப்புள்ளிக் குறிகாட்டியும் வைத்துச் சுடும் ஆட்களோடு வெறும் இரும்புக் குறியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தப் போட்டியில் ஓப்பன் பிரிவே இல்லையென்றால் சுடலாம், ஆனால் மதிப்பெண் கிடையாது.

இதைச் சொன்னதும் பையன் பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டான். "இப்பவே அளந்துடலாம் மாமா."

அளக்க ஒரு பிடி வேண்டும். அளவு எடுப்பது பிடியின் நீளத்தில் நடுப்புள்ளியிலிருந்து பெல்ட்டின் உள்பக்கம் வரை, மிகக் குறைந்த தூரம். மறுநாள் மலையிறங்கி, சூரமங்கலத்தில் தெரிந்த தச்சரிடம் ஹோல்ஸ்டரைக் கொடுத்து, உள்ளே இறுக்கமாக உட்காரும்படி ஒரு தேக்குக்கட்டை இழைத்துத் தரச் சொன்னோம். பிடி இருக்கும் இடத்தில் சரிவு மட்டும் சரியாக வேண்டும், மற்றபடி கட்டை கட்டையாகவே இருக்கட்டும் என்று அழுத்திச் சொன்னேன். துப்பாக்கி மாதிரியே ஒன்றைச் செய்து சேலம் பஸ்ஸில் கொண்டுபோவதில் எனக்கு விருப்பமில்லை. மச்சானுக்கு அதைவிட இல்லை.

திரும்பி ஏற்காட்டில் திண்ணையில் அளவெடுப்பு நடந்தது. பையன் ஒல்லி. பிடியின் நடுவே ஸ்டீல் ஸ்கேலை வைத்ததும் 46 காட்டியது. அவனுக்கு ஒரே சந்தோஷம். "உள்பெல்ட்டிலிருந்து அளந்தியா, வெளிபெல்ட்டிலிருந்தா?" என்று கேட்டேன். போட்டி பெல்ட் இரண்டு அடுக்கு. கால்சட்டை லூப்பில் கோத்த உள்பெல்ட்டின் மேல் வெல்க்ரோவால் வெளிபெல்ட் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் ஹோல்ஸ்டரைத் தாங்கும் ஹேங்கர், அதன்மேல் ஹோல்ஸ்டர். நம்மூர் தட்டுவடை செட் மாதிரி அடுக்கு. அவன் வெளிபெல்ட்டிலிருந்து அளந்திருந்தான். உடம்பைத் தொடும் உள்பெல்ட்டிலிருந்து எடுத்தபோது 50-க்கு ஒட்டி வந்துவிட்டது. எந்த ஆபீசர் எந்த அடுக்கிலிருந்து அளப்பார் என்று யோசித்துக்கொண்டிருப்பதைவிட, கடினமான பக்கத்திலிருந்து அளந்து அதில் தேறிவிடுவது நல்லது. ஹேங்கரில் இருந்த ஒரு வாஷரைக் கழற்றினோம், நிம்மதியான அளவுக்கு வந்தது.

அப்புறம் மச்சான் எழுந்து, "எனக்குக் கட்டு பாப்போம்" என்றார்.

இங்கேதான் விஷயம் களைகட்டியது. மச்சானுக்குத் தொப்பை உண்டு. வேட்டிக்காரர், பேண்ட் போட்டால் பெல்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிவிடும். விதிப்படி பெல்ட் இடுப்பு மட்டத்தில் இருக்க வேண்டும். அதோடு இடுப்பில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் அல்லது கால்சட்டையின் மூன்று லூப்புகளிலாவது கோத்திருக்க வேண்டும். மேலே ஏற்றிக் கட்டினோம். ஹோல்ஸ்டரை வலது பக்கம் வைத்ததும், இடுப்புச் சதை பிடியை வெளியே தள்ளியது. அதே ஹோல்ஸ்டர், அதே ஹேங்கர், அதே கட்டை. பையனுக்குத் தேறியது அப்பாவுக்கு ஐம்பதைத் தாராளமாகத் தாண்டியது. அவர் உட்கார்ந்து எழுந்ததும் இன்னும் கொஞ்சம் கூடியது. காப்பியோடு வந்த அக்கா ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "இந்த ஸ்கேல முன்னாடியே வாங்கியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மச்சான் சிரித்தாலும் கேட்ட கேள்வி சரியானது. "அப்ப தொப்பை இருக்கறவன் சுடக்கூடாதா?"

விதி எழுதியவர்கள் அதையும் யோசித்திருக்கிறார்கள். உடலமைப்பு காரணமாக அளவு பிசகினால் ரேஞ்ச் மாஸ்டர் விட்டுக்கொடுக்கலாம். அதே மூச்சில், சிலரால் முழுமையாக ஒத்துப்போக முடியாது, அவர்களால் சில பிரிவுகளில் கலந்துகொள்ள முடியாமலும் போகலாம் என்றும் எழுதியிருக்கிறது. கொடுத்ததுபோலவும் இருக்கும், கொடுக்காததுபோலவும் இருக்கும். இது சலுகை, உரிமையில்லை. ஆகவே தொப்பைக்காரர் செய்ய வேண்டியது, போட்டி நாள் காலையில் முதல் ஸ்டேஜுக்குப் போகும் முன்பே ரேஞ்ச் மாஸ்டரைத் தேடிப்போய்க் காட்டி அவர் வாயாலேயே சரி என்று வாங்கிக்கொள்வது. ஸ்டேஜில் நிற்கும் ஆபீசரிடம் "எனக்கு உடம்பே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால், பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் எரிச்சல், ஆபீசருக்கும் முடிவெடுக்க அதிகாரமில்லை.

ஐம்பதைப் போலவே ஆளுக்கு ஆள் மாறும் இன்னொன்று இடுப்பெலும்பு. புரொடக்‌ஷனில் ஹோல்ஸ்டர், பவுச் எல்லாம் இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். அந்த முனை எங்கே என்று பலருக்குத் தெரியாது. கட்டைவிரலை விலாவுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டே முன்னால் நகர்த்தினால் கெட்டியாக ஒரு மேடு தட்டுப்படும். பவுச்சின் முன்விளிம்பு அதைத் தாண்டக்கூடாது. ஒல்லியானவர்களுக்கு உடனே தெரியும். மச்சானுக்குத் தேட வேண்டியிருந்தது. ஐந்து மேகசினில் ஒன்று துப்பாக்கிக்குள் போக, நான்கு பவுச்சை அந்த முனையிலிருந்து பின்னோக்கி அடுக்கினால் நான்காவது முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் போய்விடும். தோள் இறுகிய ஆளுக்கு அது எட்டாது. எட்டாத பவுச்சில் மேகசின் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். பவுச்சுகளுக்கு நடுவே அழகுக்காக விடும் இடைவெளியைக் குறைத்து நெருக்கி வைப்பதுதான் வழி. பையனுக்கு அப்படியே மாற்றிக் கொடுத்தேன்.

பிடியின் அடிக்குதி பெல்ட்டின் மேல்விளிம்புக்குக் கீழே இறங்கக்கூடாது, தோள் ஹோல்ஸ்டர் கூடாது, தொடையில் கட்டுவது கூடாது என்பவை பார்த்ததுமே தெரிந்துவிடும். தொடை ஹோல்ஸ்டரைக் கேட்டதும் மச்சானுக்குக் கோபம். கமாண்டோக்கள் கட்டுவதுதானே என்றார். பணியில் இருக்கும் காவல்துறை, ராணுவத்தினர் தங்கள் டூட்டி ஹோல்ஸ்டரோடு கீழ்நிலைப் போட்டிகளில் சுட விதியில் இடம் இருக்கிறது, பாதுகாப்பைப் பொறுத்தவரை ரேஞ்ச் மாஸ்டர் சொல்வதுதான் முடிவு என்றேன். "நான் ரிட்டயர்டு" என்றார். ரிட்டயர்டுக்கு இல்லை.

குழல்முனை, சாதாரணமாக நிற்கும்போது காலிலிருந்து ஒரு மீட்டருக்குள் தரையைப் பார்க்க வேண்டும். திண்ணைக்கு முன்னால் அக்காவின் கோலமாவை வாங்கி ஒரு மீட்டர் வட்டம் போட்டு, ஹோல்ஸ்டரின் அடிவாயில் ஒரு நீளக்குச்சியைச் செருகிப் பார்த்தோம். வட்டத்துக்கு நன்றாக உள்ளேயே விழுந்தது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது: குழல்முனை தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அது ஏறக்குறைய 50 டிகிரி சாய்ந்தால்தான் ஒரு மீட்டரைத் தொடும். நிற்கும்போது இதில் தோற்பவர் அபூர்வம். குனிந்து உட்கார்ந்த நிலையிலிருந்தோ, இலக்குக்கு முதுகு காட்டி நின்று திரும்பியோ உருவும்போதுதான் சிக்கல். திரும்பி முடிப்பதற்குள் துப்பாக்கியை உருவிவிட்டால் குழல் பின்னால் இருக்கும் ஆட்களைப் பார்த்துவிடும். குண்டைத் தாங்கும் பின்தடுப்பிலிருந்து 90 டிகிரியைத் தாண்டினால் போட்டி முடிந்தது. இலக்குப் பக்கம் முகம் இருக்க, உருவும்போதும் திரும்பச் செருகும்போதும் மட்டும், குழல் காலுக்கு ஒரு மீட்டருக்குள் இருந்தால் அந்தத் தாண்டலை மன்னிக்கிறார்கள். அதனால் முதலில் உடம்பு திரும்பட்டும், கை அப்புறம் வரட்டும் என்று கட்டையை வைத்தே அவனைப் பழக்கினேன். வேகமெல்லாம் மெல்போர்னில் பார்த்துக்கொள்ளட்டும்.

இருட்டியதும் விவாதம் ரேஸ் ஹோல்ஸ்டருக்குத் தாவியது. பையனுக்கு அடுத்து அதை வாங்க ஆசை. ஐபிஎஸ்சி புரொடக்‌ஷனில் ஐம்பது மில்லிமீட்டருக்குள் இருந்தால் அதுவும் செல்லும். ஐபிஎஸ்சி-யின் அமெரிக்கக் கிளையான யுஎஸ்பிஎஸ்ஏ தன் புரொடக்‌ஷன் பிரிவில் அதை நீண்ட காலம் ஏற்காமலே இருந்தது. அன்றாடம் அணியத்தக்க உறையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. மச்சான் உடனே அமெரிக்கா பக்கம் சாய்ந்தார். பிரிவின் பேரிலேயே சாதாரணத் துப்பாக்கி என்று இருக்கும்போது உறை மட்டும் ஏன் அலங்காரம் என்பது அவர் கேள்வி. உணர்வாகப் பார்த்தால் அவர் சொன்னது எனக்கும் பிடிக்கிறது. அந்த எலும்புக்கூடு ஹோல்ஸ்டரோடு யாரும் கடைத்தெருவுக்குப் போகப்போவதில்லை.

ஆனாலும் நான் ஐபிஎஸ்சி பக்கம்தான். வெயிலில், கையில் டைமரோடு, பின்னால் ஒரு ஸ்குவாடே காத்திருக்க, "இது அன்றாடம் அணியத்தக்கதா?" என்று நான் எப்படித் தீர்மானிப்பது? என் கண்ணுக்குத் தக்கது அடுத்த ஸ்டேஜில் நிற்கும் ஆபீசரின் கண்ணுக்குத் தகாது. ஐம்பது மில்லிமீட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு போதும். உள்ளே போகிறதா, இல்லையா. போட்டிக்காரன் வீட்டிலேயே அதைச் செய்துகொண்டு வரலாம். என்னைக் கேட்டால் ரேஸ் ஹோல்ஸ்டரைத் தடுக்க நினைப்பவர்களும் அதற்கு ஓர் அளவைக் கொண்டுவர வேண்டும். துப்பாக்கியின் எந்தப் பாகம்வரை உறை மூடியிருக்க வேண்டும் என்று வரையறுக்கட்டும், நானே ஆதரவாகப் பேசுகிறேன். அதுவரை பையன் வாங்கினால் வாங்கட்டும். வாங்கும் முன் ஒரு வருஷம் இந்தக் கைடெக்ஸிலேயே சுடு என்று மட்டும் சொன்னேன். புதிதாக வருகிறவன் நேரத்தை இழப்பது பெரும்பாலும் உருவுவதில் இல்லை. குறி பார்க்காமல் சுட்டுத் திரும்பச் சுடுவதில்தான்.

தோலா கைடெக்ஸா என்று நீட்ட ஒன்றுமில்லை. ஏற்காட்டு மழைக்காலத்தில் தோல் பூசணம் பிடிக்கும், வியர்வையில் நெகிழும், நெகிழ்ந்த தோல் துப்பாக்கியைப் பிடிக்காது. கைடெக்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை, திருகை மட்டும் அடிக்கடி பார்க்க வேண்டும், அதிர்வில் தளரும். ஒரு சொட்டு திருகுப் பசை போதும். பேண்ட்டைப் பொறுத்தவரை, நம்மூர் தையல்காரர் வழக்கமாக வைக்கும் லூப்பில் ஒன்றரை அங்குலப் போட்டி பெல்ட் திணறும். செவ்வாய்ப்பேட்டையில் தைக்கக் கொடுத்தபோது லூப்பை அகலமாகவும், இரட்டைத் தையலாகவும், வழக்கத்தைவிடக் கூடுதலாகவும் கேட்டோம். யூனிஃபார்மா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டோம்.

கடைசியாகப் பழகியது விழுவதைப் பற்றி. ஓடும்போது ஹோல்ஸ்டரிலிருந்து துப்பாக்கி விழுந்தால், அதில் தோட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஸ்டேஜ் நடந்துகொண்டிருக்கும்போது என்றால் தகுதி நீக்கம். ஸ்டேஜுக்கு வெளியே, காலித் துப்பாக்கி விழுந்தால் அப்படி இல்லை. ஆனால் அதை நீயே குனிந்து எடுத்தால் தகுதி நீக்கம். ஆபீசரைக் கூப்பிட வேண்டும், அவர் எடுத்துச் சோதித்து நேராக ஹோல்ஸ்டரிலோ பையிலோ வைப்பார். மச்சானுக்குச் சொல்லிவிட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டையைத் தட்டிவிட்டேன். அது தரையைத் தொடும் முன்னரே அவர் பாதி குனிந்துவிட்டார். விழுந்த ஆயுதத்தை உடனே எடு என்று பணிக்காலம் முழுக்கப் பழகிய முதுகு. பையனும் குனிந்தான். அவனுக்கு அந்தச் சாக்கும் இல்லை. திரும்பத் திரும்பத் தட்டிவிட்டு, இரண்டு கையையும் மார்புக்கு மேலே வைத்து நிற்கப் பழக்கினோம்.

"எடுக்கவே இல்லன்னு நான் சாதிச்சா?" என்றார் மச்சான், போலீஸ் புத்தியோடு.

தகுதி நீக்கத்தை எதிர்த்து முறையிடலாம். தலைமை ஆபீசர், ரேஞ்ச் மாஸ்டர் என்று ஏறி, சம்பவம் நடந்து ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில் கொடுத்துப் பணம் கட்டினால் நடுவர் குழு கூடும். தீர்ப்பு உங்கள் பக்கம் என்றால் பணம் திரும்ப வரும். ஆனால் ஆபீசர் கண்ணால் பார்த்த மீறல் நடந்ததா இல்லையா என்பதை அங்கே எதிர்த்து வாதாட முடியாது. ஐம்பது மில்லிமீட்டரில் சந்தேகம் என்றால் இன்னொரு முறை அளக்கச் சொல்லலாம். குனிந்ததை யார் திரும்ப அளப்பது?

பையன் ஊருக்குக் கிளம்பும்போது கட்டையை இங்கேயே விட்டுவிட்டுப் போனான். ஐம்பது மில்லிமீட்டரை ஐம்பத்தைந்தாக்கச் சொல்லித் தன் கிளப் மூலம் ஒரு தீர்மானம் அனுப்பப்போவதாகச் சொல்லியிருக்கிறான். பொதுச்சபையில் நாடுகள் ஓட்டுப்போட்டால்தான் விதி மாறும். மச்சான் இப்போதே எதிர்ப்புக் கடிதத்துக்கு வாசகம் யோசித்துக்கொண்டிருக்கிறார், தொப்பைக்காரர் என்கிற முறையில் தனக்கு அது சாதகம் என்பதை இன்னும் அவர் கவனிக்கவில்லை.